கிளியின் கணக்குக் கொப்பி: சவுக்கடியில் ஒரு கிழமை

முதல் நாள்

காலையில் கொழும்புக் கோட்டையில் உதயதேவிக் கோச்சி ஏறி, மட்டக்களப்புச் சவுக்கடிக் கரைக்குப் போகப் பின்னேரம் ஏறாவூரில் இறங்கும்போது முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கல்லோயாச் சந்தி தாண்டியதும் கோச்சி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. யானை கடக்கிற இடம் என்றார் பக்கத்தில் இருந்தவர். புனானைக்குப் பிறகு இரண்டு பக்கமும் பெரும்போக வெட்டு. யன்னல் வழியாக வைக்கோல் தூசு வந்து சேலையில் படிந்தது.

நான் ஊர் சுற்ற வரவில்லை. கொழும்பில் ஒரு கம்பனிக்குக் கணக்கு எழுதுகிறவள். போன கிழமை மாமா போன் எடுத்து, "புள்ள, ஒரு கிழமை லீவு போட்டுட்டு வா. கொப்பியப் பாத்து எங்க செலவ வெட்டலாமெண்டு சொல்லு. மறுகா நான் யோசிக்கன்" என்றார். மாமா ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் காசை எண்ணிவிட்டு, ஓய்வூதியக் காசில் குதிரை வாங்கியவர்.

மாமாவிடம் குதிரை இருக்கிறது என்று கொழும்பில் சொன்னால் முதல் கேள்வி, "நெடுந்தீவில பிடிச்சதா?" இரண்டாவது கேள்வி, "எந்தப் புக்கி?" புக்கி என்றால் பந்தயக் காசு கட்டுகிற கடை. நெடுந்தீவுக் குதிரைகள் வேறு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்து, காட்டுக்குப் பழகிப்போன சின்ன உருவங்கள். புக்கியில் ஓடுகிறவையோ இங்கிலாந்துக் குதிரைகள். இங்கே இருந்து காசு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஒரு குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கொழும்பில் பந்தயம் 1956இல் நின்றுபோனது. கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடல் போர்க்காலத்தில் விமான ஓடுபாதையாக இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு வந்த ஈஸ்டர் ஞாயிறன்று, ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. இப்போது அங்கே ரக்பியும் கடைகளும். நுவரெலியாவில் 1875இல் தொடங்கிய திடல் மட்டும் சித்திரையில் களை கட்டுகிறது. மாமாவின் கண் அந்தச் சித்திரையில்தான்.

கொட்டில் சவுக்கந்தோப்புக்கு இந்தப் பக்கம், கடலுக்கு நடக்கிற தூரம். உயர்ந்த கிடுகுக் கூரை. சுவர் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இல்லை, காற்று குறுக்கே ஓட வேண்டும் என்பதற்காக. உள்ளே மூன்று பேர். கிளி, ஆறு வயது, கருஞ்சிவப்புப் பெட்டைக் குதிரை, இந்தியாவில் பிறந்து நுவரெலியாவில் ஓடி, பழைய முதலாளி கைவிட்டதால் மாமாவிடம் வந்தது. பத்திரத்தில் அதற்கு நீளமான வேறு பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. கிழவன், இருபத்திரண்டு வயது, முதுகு தொட்டில் மாதிரிக் குழிந்தது. சின்னவன், மட்டக்குதிரை, சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கடற்கரையில் சுமக்கிறவன். பார்க்கிறவர் நுவரெலியா லாயங்களில் வளர்ந்த மலையகத்து அண்ணன் ஒருவர். அவருடைய மகன், எங்களுக்குத் தம்பி, சவாரி செய்கிறான்.

மாமி சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தக் குதிரையள்ள போட்ட காசுக்கு ரெண்டு மகளுக்கும் மாடி கட்டியிருக்கலாம் கா." மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கட்டாதவன் தகப்பனே இல்லை. மாமா ஆணத்தைக் கேட்டு வாங்கினார், பதில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்

ரூபாய்க் கணக்கை எழுதக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார், மாமி வாசிப்பாராம். அதனால் மாதச் செலவு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். புல், தானியம், தவிடு எல்லாம் சேர்த்துத் தீனி 42. கூலி 37. கொட்டில் திருத்தம், தண்ணீர், மின்சாரம் 7. ஊசி, பூச்சிமருந்து, டொக்டர் 6. லாடம் 5. ஓட்டத்துக்கென்று செலவாவது, அதாவது கடிவாளம், சேணம், தம்பியின் தொப்பி வகையறா, வெறும் 3.

மூன்று ரூபாய்! நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினேன். பந்தயக் குதிரை என்றால் செலவு ஓடுவதில் என்றுதான் நினைத்திருந்தேன். காசு போவது நிற்பதில். மழை பெய்தாலும், காய்ச்சல் வந்தாலும், பந்தயமே இல்லாத பத்து மாதமும் குதிரை அதே அளவுதான் தின்னும். வரவுப் பக்கம் சின்னவனின் உழைப்பும் சாணமும். ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோ சாணம் போடும், தோட்டக்காரர் வந்து மூட்டையாக எடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நூறுக்கு முப்பது தேறும். மிச்சம் ஓய்வூதியம்.

தீனிக்கணக்கு சரியா என்று பார்க்கக் குதிரையின் நிறை வேண்டும். தராசுக்கு எங்கே போவது? அண்ணன் தையல்காரரின் நாடா ஒன்றை எடுத்துவந்தார். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 180 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை 165. சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுக்க வேண்டும். போனில் தட்டினேன்: 450 கிலோ, புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லை. எனக்கு இப்படிக் கணக்கு உடையாமல் வந்தால் அன்று முழுக்க நல்ல நாள்.

வேலை செய்கிற குதிரைக்கு உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி என்று பிடித்தால் 9 கிலோ. தானியக் கலவை 4 கிலோ, மூன்று வேளைக்குப் பிரித்து; அதில் ஈரம் கழித்தால் மூன்றரைக் கிலோ. ஒரே வேளையில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வைத்தால் வயிறு தாங்காது, குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. மிச்ச ஐந்தரைக் கிலோ புல்லிலிருந்து வர வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் அதற்கு 27.5 கிலோ அறுத்துவர வேண்டும். ஒரு குதிரைக்கு, ஒரு நாளைக்கு.

நான் மூன்று வெட்டு எழுதினேன். ஒன்று, கிழவனை யாருக்காவது கொடுத்துவிடலாம். இரண்டு, தானியத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டலாம். நெல்லுக்குள் வாழ்கிறோம், ஆலையில் தவிடு மலிவு. மூன்றாவதை மாமாவே செய்திருந்தார்: லாடக்காரர் ஆறு கிழமைக்கு ஒருமுறை மலையிலிருந்து வருகிறவர், கடைசியாக வந்தது நத்தாருக்கு முன். ஒரு தடவைக் காசு மிச்சம். "நல்ல வேலை மாமா" என்று பக்கத்தில் சரி போட்டேன்.

அண்ணன் என் தாளைப் பார்த்துவிட்டு, தவிட்டை மட்டும் விரலால் தொட்டார். "இது வேணாங்க. தல பெருசாகிரும்." தவிட்டில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. தவிடே கதி என்று வளர்ந்த குதிரையின் உடம்பு, குறைகிற கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். முகத்தெலும்பு வீங்கிப் போகும், கால் நொண்டும். முன்காலத்தில் மாவாலைக்காரர்களின் குதிரைகளுக்கு வந்த நோய் இது. போதாததற்கு கினிப்புல், நேப்பியர் மாதிரியான வெப்பநாட்டுப் புல்லில் ஒக்சலேற்று இருக்கிறது, உள்ள கல்சியத்தையும் அது கட்டிப்போடும். இங்கே மலிவாகக் கிடைக்கிற இரண்டு தீனியும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. அதனால்தான் கொப்பியில் மாதா மாதம் "சுண்ணாம்புக்கல் தூள்" என்று ஒரு வரி. வீண்செலவென்று நான் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்த வரி.

தவிடு அடிபட்டது. கிழவனைப் பற்றி அண்ணன் எதுவும் சொல்லவில்லை. லாடத்தைப் பற்றியும்.

மூன்றாம் நாள்

ஐந்தரைக்கே எழும்பிக் கடற்கரைக்குப் போனோம். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு பெரிதில்லை, ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அலை நனைத்து இறுகிய மணல் ஒரு பாய் அகலத்துக்குத்தான் கிடைக்கும். அதில் ஓடினால் நல்லது, உடல் குலுங்காது. மேலே உலர்ந்த மணலுக்குள் வேகமாகப் போனால் குளம்பு புதைந்து, காலின் பின்பக்க நரம்பு இழுபடும். நரம்பு என்று அவர்கள் சொல்வது தசைநாணை.

கிளி முன்னால், கிழவன் பின்னால் கயிற்றில். இருபது நிமிடம் வெறும் நடை. பிறகு துள்ளுநடை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பந்தயப் பயிற்சி என்றால் புழுதி பறக்கும் என்று வந்தால் காலை முழுக்க நடையாகவே இருந்தது. மாதத்தில் முக்கால்வாசி நாள் இப்படித்தானாம். மூச்சும் தசையும் சில கிழமைகளில் தேறிவிடும், எலும்பும் நாணும் தேற மாதக்கணக்கு. உடம்பு தயார் என்று நம்பிக் காலை உடைத்துக்கொண்ட குதிரைகள் எத்தனையோ என்றார் அண்ணன்.

இன்று வேக நாள். கிழமைக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். நாலு பர்லாங்கு, ஏறக்குறைய 800 மீட்டர், சவுக்கில் கட்டிய வெள்ளைத் துணியிலிருந்து ஒரு உடைந்த வள்ளம் வரை. மாமா என் கையில் நேரமானியைத் தந்தார். தம்பி குனிந்தான். முதலில் சத்தம்தான் வந்தது, நனைந்த மணலில் யாரோ பாய் தட்டுகிற மாதிரி. பிறகு கிளி. எனக்குப் பக்கத்தால் போனபோது அது விட்ட மூச்சு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்றாக, ரம்பம் இழுப்பது போல இருந்தது. குதிரை நாலுகாலில் பாயும்போது பாய்ச்சலுக்கும் மூச்சுக்கும் கணக்கு ஒன்றுக்கொன்றுதானாம்.

64 செக்கன். பர்லாங்குக்கு 16. பந்தயத்தில் 12, 13க்குள் போக வேண்டும், இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. மாமாவின் முகத்தில் சித்திரை வந்துவிட்டது.

ஆனால் வள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒன்று நடந்தது. கரைவலைக்காரர் வழமையை விட முந்தி வலையைக் கரைக்கு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கயிறு மணலுக்குக் குறுக்கே கிடந்தது, நுனியில் செம்மஞ்சள் மிதப்பு ஒன்று துள்ளியது. கிளி அதைக் கண்டு ஒதுங்கி ஏழெட்டுப் பாய்ச்சல் உலர்மணலுக்குள் போய்த் திரும்பியது. தம்பி விழவில்லை. வலைக்காரரிடம் மாமா போய்ப் பேசினார். அவர்களும் நேரத்தோடுதான் தொழில் செய்கிறார்கள், கரை எல்லாருக்கும் பொது. சண்டை இல்லை, ஒரு சுருட்டோடு முடிந்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் என் விரலைப் பிடித்துக் கிளியின் தாடை எலும்புக்குக் கீழே வைத்தார். தோலுக்குள் ஒரு கயிறு உருண்டது, அதற்குள் துடிப்பு. நேற்றுப் பின்னேரம் நிற்கும்போது எண்ணியது 15 செக்கனில் 9, நிமிடத்துக்கு 36. இன்று ஓடி கால் மணி நேரத்தில் 15, அதாவது 60. அறுபதுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை என்று கணக்கு. கழுத்தில் வியர்வை சவர்க்கார நுரை மாதிரி வெள்ளையாக நின்றது. குதிரை வியர்வையில் ஒரு புரதம் இருக்கிறது, அதுதான் நுரைக்கிறது. உப்பும் மனிதரை விட அதிகம் போகும், அதனால் தீனியில் தினமும் உப்பு.

வியர்ப்பதைக் கண்டு மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோசம். காரணம் உண்டு. அவர் முதலில் வாங்கிய குதிரை இங்கே வந்த இரண்டாவது வெயில்காலத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிட்டது. புழுக்கமான ஊர்களில் வளர்ப்புக் குதிரைகளுக்கு வருகிற கோளாறு அது. உள்ளே சூடு ஏறும், தோல் காய்ந்தே இருக்கும், மூச்சு வாங்கும். அதை மலைக்கே திருப்பி அனுப்பினார். கொப்பியில் அந்த வருடப் பக்கம் இரண்டு ஊசி குத்தி மூடியிருக்கிறது. நான் திறக்கவில்லை.

நாலாம் நாள்

புல்லுக்காகப் படுவான்கரைக்குப் போனோம். எழுவான்கரையில் மணல், உப்பு, வீடு. புல்லும் வைக்கோலும் வாவிக்கு அந்தப் பக்கம்தான். முன்பு பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த மண்முனைத் துறையில் 2014 முதல் பாலம். மாமாவின் சிநேகிதர் ஒரு போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலோரத்தில் சீஓ-3 புல் வளர்க்கிறார். கோயம்புத்தூரில் உருவான கலப்பின நேப்பியர் அது. பால்மாட்டுக்காரர் எல்லாரும் நடுகிறார்கள். வெட்டு மெஷின் போன வயலில் வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. வைக்கோல் படுக்கைக்கு மட்டும்தான், தீனிக்கு அதில் சத்துப் போதாது.

வழியில் தான்தோன்றீசுவரர் கோயிலில் இறங்கினோம். பறங்கித் தளபதி பரிகசித்தபோது எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாகச் சொல்லும் கல்நந்தி அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை தின்றுவிட்டு நூற்றாண்டுக்கணக்காகச் சும்மா இருக்கிற ஒரே கால்நடை. எனக்குப் பிடித்த வரவுசெலவு இதுதான் என்றேன். மாமா சிரிக்கவில்லை, கோயிலுக்குள் என்பதாலாக்கும்.

இன்று கிழவனையும் சின்னவனையும் தம்பி தோப்புக்குக் கூட்டிப்போய்விட்டான். நாங்கள் திரும்பும்போது கிளி கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. மத்தியானத் தீனி தொட்டியில் அப்படியே, தோள் நனைந்திருந்தது. ஓடாமலே வியர்த்திருக்கிறது. கிழவன் வாசலுக்கு வந்து ஒரு முறை கனைத்ததும் தலையைத் தொட்டிக்குள் விட்டது. நான் தாளை எடுத்து முதலாவது வெட்டைக் கோடு போட்டு அழித்தேன்.

ஐந்தாம் நாள்

லாடக்காரர் வந்தார். மாமாவுக்குச் சொல்லாமல் அண்ணன்தான் மூன்று நாளுக்கு முன்பே போன் எடுத்திருக்கிறார், நான் சரி போட்ட அன்றைக்கு.

மனுசன் வந்ததும் பிளேன்டீகூடக் குடிக்காமல் கிளியின் முன்காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். ஆணிகளின் வளைந்த நுனியை அராவி, குறட்டால் லாடத்தைக் குதிப்பக்கமிருந்து நெம்பினார். லாடம் கழன்று விழுந்தபோது ஒரு பக்கம் கண்ணாடியாகத் தேய்ந்திருந்தது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். ஒன்பது கிழமை வளர்ச்சி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது, விரலில் நகம் வெட்டாத மாதிரி. குதி தாழ்ந்திருந்தது.

"அக்கா, ஹீல்ஸ் போட்டு நடந்திருக்கீங்களா? இது அதுக்கு நேர்மாறு" என்று எனக்கு விளக்கினார். முன்பக்கம் நீண்டால் காலை மண்ணிலிருந்து எடுக்கிற நேரம் பிந்தும். குதி தாழ்ந்தால் பின்பக்க நாண் எப்போதும் விறைப்பிலேயே இருக்கும். அந்தக் காலோடு பர்லாங்குக்குப் பதினாறில் ஓடினால் இழுவை எல்லாம் அங்கேதான் போகும். சீவிய துண்டுகள் பிறைபிறையாக நிலத்தில் விழுந்தன. சின்னவன் மூக்கை நீட்டி மணந்து பார்த்தான்.

லாடம், ஆணி, பூச்சிமருந்துப் பசை எல்லாம் வெளிநாட்டுச் சாமான். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்த மாதங்களில் மாமா இந்த வரிசையைத்தான் முதலில் இழுத்தடிக்கத் தொடங்கியிருக்கிறார். கொப்பியில் தெளிவாகத் தெரிகிறது: ஆறு கிழமை ஏழானது, ஏழு எட்டானது. தீனியை இழுத்தடிக்க முடியாது, கூலிக்காரரை இழுத்தடிக்க மனம் வராது. லாடம் வாய் திறந்து கேட்காது.

பின்னேரம் அண்ணன் இன்னொரு சோதனை காட்டினார். மணல் ஊர் என்பதால் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும், அது குடலில் படிந்து வயிற்றுக்குத்து வரும். புதிய சாணத்தில் ஆறு உருண்டையை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தார். கால்மணி நேரத்தில் அடியில் ஒரு நகக்கண் அளவுக்கு வெள்ளை மணல் இறங்கியது. பரவாயில்லையாம். ஒரு தேக்கரண்டி சேர்ந்தால் பாமசிக்குப் போய் இசப்பகோல் வாங்க வேண்டும். தொட்டிக்குக் கீழே ஏன் பழைய ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறது என்று இப்போது புரிந்தது. அதையும் நான் வட்டம் போட்டிருந்தேன்.

ஆறாம் நாள்

அண்ணன் தினமும் வெளிச்சம் வருமுன் செய்கிற முதல் வேலை, இரண்டு முன்கால்களையும் முழங்காலிலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. சாமி கும்பிடுவது போல என்று முதல் நாள் நினைத்தேன். இன்று தடவினவர் எழும்பவில்லை. இடது, வலது, திரும்ப இடது.

"அம்மா, கைய வைங்க" என்றார். வைத்தேன். வலது கால் காலைக் குளிரில் பானை மாதிரி இருந்தது. இடதில், பின்பக்க நாண் ஓடுகிற இடத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கும்போது நெற்றியில் இருக்கிற அளவு சூடு. கண்ணை மூடித் தடவினால் நடுவில் ஒரு சின்ன மேடு. கிளி நொண்டவில்லை. கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. என்னைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றிருப்பேன்.

மாமாவும் வந்து குனிந்து தொட்டார். நிமிர்ந்து சவுக்கந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

உள்ளூர் மிருக வைத்தியர் மத்தியானம் வந்தார். மாடுகளோடு மாரடிக்கிறவர், நேர்மையான மனுசன். "இதுக்கு ஸ்கேன் பாக்கணும், என்னட்ட இல்ல" என்றார் நேராக. வீடியோ எடுத்து மலைநாட்டில் அவருக்குத் தெரிந்த குதிரை டொக்டருக்கு அனுப்பினார். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது: ஓட்டம் நிறுத்தம். நாளைக்கு மூன்று தடவை, இருபது நிமிடம் குளிர். கட்டு. கொட்டிலோடு இருப்பு, கையில் பிடித்து மெதுநடை மட்டும். நார் கிழியாமல் வெறும் இழுப்பு என்றால் சில மாதம். கிழிந்திருந்தால் ஒன்பது மாதம் தொடங்கி ஒரு வருடம். ஸ்கேன் கருவியோடு அவர் வருகிற அன்றுதான் எது என்று தெரியும். எதுவாக இருந்தாலும் இந்தச் சித்திரை இல்லை.

கரைவலைக் கயிறா, நீண்ட குளம்பா, இரண்டுமா என்று யாரும் வாய் திறந்து பேசவில்லை. நான் போட்ட சரி அடையாளம் கொப்பியில் அப்படியே இருக்கிறது.

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்புகிற ஏ5 தெரு கரடியனாறு, மகா ஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி நுவரெலியாவுக்குப் போய், அங்கிருந்து பேராதனையில் முடிகிறது. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் இருப்பதும் பேராதனையில்தான். பந்தயத்துக்கும் வைத்தியத்துக்கும் எங்களுக்கு ஒரே தெரு. மாமா அந்தப் பயணத்துக்கு ஒரு கடித உறையில் காசு சேர்த்து வைத்திருந்தார், மேலே "லொறி" என்று எழுதி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும், உயரக் கட்டியே கொண்டுபோனால் நுரையீரலில் நோய் பிடிக்கும்; 1,868 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் போர்வை வேண்டும்; அங்கே கொட்டில் வாடகை வேண்டும். ஒவ்வொன்றும் உறைக்குள் தனித்தனித் துண்டில் விலையோடு. இரண்டாம் நாளே நான் அவரைக் கேட்டிருந்தேன், "அவசரத்துக்கு என்று ஒரு வரியும் இல்லையே மாமா?" "அவசரம் வந்தா பாப்பம்" என்றிருந்தார்.

ஒரு வேடிக்கை, செலவு இன்றிரவே குறைந்துவிட்டது. ஓடாத குதிரைக்கு ஓடுகிற குதிரையின் தானியத்தைக் கொடுத்தால் தசை பூட்டிக்கொள்ளும். வண்டிக் குதிரைகள் ஞாயிறு முழுக்க ஓய்வாகத் தின்றுவிட்டுத் திங்கட்கிழமை நுகத்தில் விறைத்துப் போனதால் அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் இருந்தது. அண்ணன் 4 கிலோவை ஒரு கிலோவாக்கி, புல்லைக் கூட்டினார். நான் ஒரு கிழமையாகத் தேடிய வெட்டு இப்படி வந்து சேர்ந்தது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. இரவு தன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துச் சுருட்டிக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். "கட்டுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும் கா" என்றார் என்னிடம்.

ஏழாம் நாள்

கோச்சிக்கு நேரம் இருந்தது. விடியற்காலை மாமா மீன்வாடியிலிருந்து இரண்டு பெட்டி ஐஸ் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சூரை மீன் மணம். முதல் தடவைக்கு ஐஸ் வேண்டாம், கடலே குளிராக இருக்கிறது என்றார் அண்ணன். எல்லாரும் மெதுவாக நடந்தோம், கிளி நடுவில், கிழவன் பக்கத்தில்.

அலை அடங்கிய இடத்தில் இரண்டையும் முழங்கால் ஆழத்துக்கு இறக்கினார்கள். கிளி முதலில் தண்ணீரை முன்காலால் அடித்து எல்லாரையும் நனைத்தது. கிழவன் சிலை மாதிரி நின்றான். அவன் நிற்பதைப் பார்த்து அதுவும் நின்றது. என் கையில் நேரமானி. இருபது நிமிடம். வலைக்காரர் ஒருவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "கால் எப்பிடி?" என்று மாமாவைக் கேட்டார். சூரியன் ஏறுமுன் கிளி கிழவனின் குழிந்த முதுகில் தாடையை வைத்துக்கொண்டது.

பதினெட்டாவது நிமிடத்தில் மாமா கொப்பியைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறையை எடுத்து அதன் மேலிருந்த "லொறி"யை அடித்துவிட்டு, பக்கத்தில் "ஐஸ், டொக்டர், லாடம்" என்று எழுதினார். லாடத்துக்கு நேரே "6 கிழமை" என்று போட்டார். பிறகு கொப்பியைப் புரட்டி, ஊசி குத்தி மூடியிருந்த அந்தப் பழைய பக்கத்துக்கு வந்து, ஊசி இரண்டையும் கழற்றி என் கையில் தந்தார். "இதையும் பாத்துட்டுப் போ புள்ள. கோச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு."